இன்பாக்ஸைத் தூர்வாரலாம் வாங்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினெட்டு வருடமாக என் பெட்டி, மேலாளர் பெட்டி, அலுவலகத்தின் பொதுப் பெட்டி என்று மூன்று மெயில் பெட்டிகளைக் கட்டி மேய்க்கிறேன். அந்தத் தைரியத்தில் "மெயில் குப்பையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் அதுவே தனி இன்பாக்ஸாகிவிட்டது. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். பெரும்பாலும் ஜிமெயில் பற்றித்தான். வேறாக இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறேன். தேடல் பெட்டியில் அடிக்க வேண்டியவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், முக்காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விடாமல்.

பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்: அக்கா, படிக்காத மெயில் மட்டும் 23,000 இருக்கிறது. கோடை விடுமுறையில் தினமும் 200 அழிப்பது என்று உட்கார்ந்தேன். நாலு நாளில் வெறுத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

தினம் 200 என்றால் 115 நாள் ஆகும். அத்தனை நாள் லீவு உங்களுக்கு யார் கொடுப்பார்கள்? அதற்குள் புதிதாக வருவது வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விடுங்கள். பழையதை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, இன்று முதல் வருவதை மட்டும் ஒழுங்காகப் பார்ப்பதுதான் வழி.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறங்கள். போனில் இந்த வேலை முழுசாக ஆகாது. தேடல் பெட்டியில் 'இன்:இன்பாக்ஸ்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 'ஓல்டர்_தேன்:2எம்' என்று அடியுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து இன்னும் இன்பாக்ஸில் கிடப்பவை எல்லாம் வரும். பட்டியலின் மேலே இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் அந்தப் பக்கத்தில் தெரிகிற ஐம்பதோ என்னவோ, அவ்வளவுதான் தேர்வாகும். இங்கேதான் எல்லோரும் சலித்துப்போய் எழுந்துவிடுகிறோம். டிக் போட்டதும் பட்டியலின் தலைமாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லா உரையாடல்களையும் தேர்ந்தெடுக்கவா என்று கேட்கும். அதை அழுத்தினால் 23,000-மும் உங்கள் கையில். முதலில் 'படித்தது' என்று குறியுங்கள், பிறகு மறுபடி இதேபோல் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்யுங்கள். வரிசையை மாற்றிவிட வேண்டாம். முதலிலேயே ஆர்க்கைவ் செய்துவிட்டால் அவை இந்தத் தேடலில் மறுபடி வராது, படிக்காதவை படிக்காதவையாகவே நின்றுவிடும்.

ஏன் இரண்டு மாதம் என்றால், இரண்டு மாதமாக யாரும் போன் போட்டுக் கேட்காத மெயிலை இனிமேல் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அதே ஆசிரியை: ஆர்க்கைவ் செய்தால் எங்கே போகும்? பயமாக இருக்கிறது.

எங்கும் போகாது. இடப்பக்கப் பட்டியலில் 'ஆல் மெயில்' என்று ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கும். தேடினாலும் வரும். அந்த மெயிலுக்கு யாராவது பதில் போட்டால் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும்.

பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்: எனக்கு அனுப்பும் மெயில் திரும்பி வருகிறது என்று பையர் போனில் கத்துகிறார். 15 ஜிபி நிறைந்துவிட்டதாம். ஆயிரக்கணக்கில் அழித்துப் பார்த்துவிட்டேன், 1 ஜிபிகூடக் குறையவில்லை.

நீங்கள் அழித்தது பொடி மெயில்களாக இருக்கும் சார். எழுத்து மட்டும் உள்ள ஆயிரம் மெயிலைவிட, ஒரு டிசைன் ஃபைல் வைத்த ஒற்றை மெயில் கனம். 'லார்ஜர்:10எம்' என்று தேடுங்கள். 10 எம்பிக்கு மேற்பட்டவை வரும். உங்கள் தொழிலில் ஒரே ஃபைல் பதிலுக்குப் பதில் ஒட்டிக்கொண்டே பத்து முறை வந்திருக்கும். வேண்டியதை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டு மெயிலை அழியுங்கள். இணைப்பை மட்டும் தனியாகக் கழற்றி எறிய ஜிமெயிலில் வசதி கிடையாது. மெயிலோடு சேர்த்துத்தான் போக வேண்டும்.

அழித்தது டிராஷில் 30 நாள் கிடக்கும், அதுவரை இடமும் அடைபட்டே இருக்கும். அவசரம் என்றால் டிராஷைக் காலி செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்தால் இடம் மிச்சமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானதில்லை. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எந்தத் தரத்தில் இருந்தாலும் பொதுவாகக் கணக்கில் வரும். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்பு இலவசமாக இருந்தது, இப்போது இதே 15 ஜிபியில்தான் சேர்கிறது. உங்கள் கூகுள் கணக்கில் சேமிப்பிடம் என்ற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்கிறது என்று பிரித்துக் காட்டும். அதைப் பார்க்காமல் அழிக்க உட்காராதீர்கள். என் தம்பி ஒரு ஞாயிறு முழுக்க மெயில் அழித்தான். கடைசியில் பார்த்தால் வாட்ஸ்அப் பேக்கப்பில் இருந்த குட்மார்னிங் வீடியோக்கள்தான் பாதி இடத்தை அடைத்திருந்தன.

கல்லூரி மாணவர், சேலம்: அன்சப்ஸ்கிரைப் கொடுத்தால் இன்னும் அதிகமாக வரும், நம் முகவரி உயிரோடு இருப்பது தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா அக்கா?

பாதி உண்மை தம்பி. யார் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. நீ எப்போதோ செருப்பு வாங்கிய கடை, வேலை தேடப் பதிந்த தளம் என்று தெரிந்த இடமாக இருந்தால் தாராளமாக அன்சப்ஸ்கிரைப் கொடு. முன்பின் தெரியாத இடம், லாட்டரி, கடன், மொட்டைப் பெயர் என்றால் உள்ளே இருக்கும் எந்த லிங்க்கையும் தொடாதே. ஸ்பேம் என்று புகார் கொடுத்துவிட்டுப் போ.

தெரிந்த இடத்துக்கும் மெயிலின் அடியில் சாம்பல் எழுத்தில் ஒளித்து வைத்திருக்கும் லிங்க்கைத் தேடி அலைய வேண்டாம். மேலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே ஓர் அன்சப்ஸ்கிரைப் பொத்தான் காட்டும், அதை அழுத்து. மெயிலின் தலைப்பகுதியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஒரு குறிப்பை வைத்துத்தான் அது அந்தப் பொத்தானைக் காட்டுகிறது. அந்தக் குறிப்புக்கான விதி 1998-லேயே வந்துவிட்டது, ஆனால் கட்டாயம் இல்லாததால் பலர் கண்டுகொள்ளவில்லை. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹுவும் பிடியை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதியை வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். 2025-இல் இடப்பக்கப் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்று ஒன்றும் வந்துவிட்டது. அடிக்கடி அனுப்புகிறவர்கள் அதில் வரிசையாக இருப்பார்கள், ஒவ்வொருவராக வெட்டிவிடலாம்.

அப்படியும் அடங்காதவர்கள் உண்டு. ஒரு நகைக்கடையிலிருந்து விலகினேன். "உங்களைக் காணாமல் தவிக்கிறோம்" என்று மெயில். மறுபடி விலகினேன். "அட்சய திருதியைக்காவது வாருங்கள்" என்று அடுத்தது. என் சொந்தச் சித்திகூட இவ்வளவு கூப்பிட்டதில்லை. கடைசியில் ஒரு ஃபில்டர் போட்டேன்: தேடல் பெட்டியின் வலது ஓரச் சின்னத்தை அழுத்தி, அனுப்புநர் இடத்தில் அவர்கள் முகவரி, கீழே 'கிரியேட் ஃபில்டர்', அதில் 'டெலிட்'. இப்போது அவர்கள் தவிப்பது நேராக டிராஷுக்குப் போகிறது.

தூர்வாருவதைவிட இதுதான் முக்கியம். சாக்கடை வந்து விழும் வாய்க்காலை அடைக்காமல் குளத்தைத் தூர்வாரி என்ன பயன்?

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: நான் 64 லேபிள்கள் வைத்து ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆனால் தேடும்போது எதுவும் கிடைப்பதில்லை. இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமா?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 64-ஐ மூன்றாக்குங்கள். ஃபைல் கட்டி அலமாரியில் அடுக்கிய கை, பழக்கம் விடாது என்று தெரியும். ஆனால் மின்கட்டண ரசீது 'வீடு' லேபிளிலா, 'ரசீது' லேபிளிலா, 'மின்வாரியம்' லேபிளிலா என்று ஒரு நிமிடம் யோசிக்கிறீர்களே, தேடும்போதும் அதே ஒரு நிமிடம் யோசிக்கிறீர்கள், அதுவும் வேறு விதமாக. ஒரு மெயிலுக்கு இரண்டு மூன்று லேபிள்கூட ஒட்டலாம்தான். ஆனால் ஒட்டுவது யார்?

அனுப்பியவர் பெயரும், தேதி உத்தேசமும், ஒரு சொல்லும் தெரிந்தால் தேடல் கொண்டுவந்துவிடும். என் பெட்டியில் 'செய்ய வேண்டியது', 'பதிலுக்குக் காத்திருப்பது', 'வரி' என்று மூன்றுதான். மற்றதெல்லாம் ஆல் மெயிலில் குவியலாகக் கிடக்கிறது. குவியலாகத்தான் கிடக்கட்டுமே!

தனியார் நிறுவன ஊழியர், மதுரை: வருமான வரி நேரத்தில் ஃபார்ம் 16, வட்டிச் சான்று எல்லாம் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அந்த 'வரி' லேபிள் இதற்குத்தான். உங்கள் வங்கி, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், அலுவலகச் சம்பளப் பிரிவு முகவரிகளுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, தானாக 'வரி' லேபிள் ஒட்டச் செய்யுங்கள். ஃபில்டர் போடும்போது ஏற்கெனவே வந்த மெயில்களுக்கும் பொருத்து என்று ஒரு டிக் இருக்கும், மறக்காதீர்கள். பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப்-க்குள் இருக்கும் சொற்கள் தேடலில் சிக்காது. அதனால் வந்தவுடன் திறந்து, வருடத்தைப் பெயரில் சேர்த்து, கணினியில் ஒரு பிரதி போட்டுவையுங்கள்.

இல்லத்தரசி, திருநெல்வேலி: என் பெயரும் இனிஷியலும் உள்ள வேறு ஒரு பெண்ணின் மெயில் எனக்கு வருகிறது. அவர் முகவரியில் இனிஷியலுக்குப் பின் புள்ளி இருக்கிறது, என்னுடையதில் இல்லை. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

இல்லை. ஜிமெயிலுக்குப் புள்ளி கண்ணிலேயே படாது. புள்ளி வைத்ததும் வைக்காததும் அதற்கு ஒரே முகவரிதான், அது உங்களுடையது. நம் ஊரில் ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் தெருவுக்கு நாலு பேருக்கு இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். அந்தப் பெண் தன் முகவரியில் இருக்கும் எண்ணையோ ஓர் எழுத்தையோ விட்டுவிட்டு எங்கோ எழுதிக் கொடுத்திருப்பார். கடை மெயில் என்றால் ஃபில்டர் போட்டு அழியுங்கள். வங்கி மெயில் என்றால் உள்ளே இருக்கும் லிங்க்கைத் தொடாமல், அந்த வங்கியின் தளத்துக்கு நீங்களாகப் போய்த் தவறான முகவரி என்று சொல்லிவிடுங்கள். பாவம், அவர் அங்கே ஸ்டேட்மென்ட் வரவில்லை என்று காத்திருப்பார்.

மென்பொருள் பணியாளர், சென்னை: அலுவலகத்தில் அவுட்லுக். தினம் 150 மெயில், முக்கால்வாசி சிசியில். "நன்றி", "மிக்க நன்றி" என்று ரிப்ளை ஆல் வேறு.

உங்கள் பெயர் 'டு' வரிசையில் இல்லாத மெயில்களை எல்லாம் தனி ஃபோல்டருக்கு அனுப்ப அவுட்லுக்கில் விதி போடலாம். மேலாளர் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விதி போட்ட கதை உங்கள் அப்ரைசலில் வரும். அந்த ஃபோல்டரை மாலையில் ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். நன்றி மழை பொழியும் இழைகளுக்கு 'இக்னோர்' இருக்கிறது. அந்த உரையாடலில் இனி வருவதெல்லாம் நேராக அழிக்கப்பட்டவற்றோடு சேர்ந்துவிடும். நீங்களே ஐம்பது பேருக்கு அனுப்பும்போது எல்லோரையும் பிசிசியில், அதாவது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி, போடுங்கள். ரிப்ளை ஆல் கொடுத்தாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும்.

தமிழாசிரியர், சிங்கப்பூர்: 2000-2003 காலத்து மடல்களைப் பழைய பெட்டியிலிருந்து ஜிமெயிலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். தமிழில் என்ன தேடினாலும் அவற்றில் ஒன்றுகூட அகப்படுவதில்லை.

அருமையான கேள்வி ஐயா. அவை, எழுத்துகளைக் கணினியில் பதிய இன்று எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய மடல்கள். அப்போது டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னை தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் என்று ஆளுக்கொரு குறிமுறை. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஜிமெயிலைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. நீங்கள் 'கவிதை' என்று யூனிகோடில் தேடினால் எப்படிச் சிக்கும்?

அதனால் சொல்லை வைத்துத் தேடாதீர்கள். ஆளையும் காலத்தையும் வைத்துத் தேடுங்கள்: நண்பரின் முகவரி, கூடவே 'பிஃபோர்:2004/01/01'. கிடைத்ததை நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டால் யூனிகோடாகும். எந்தக் குறிமுறை என்று தெரியாவிட்டால் முதலில் டிஸ்கியில் போட்டுப் பாருங்கள், பிறகு டாப். மாற்றியதை உங்களுக்கே ஒரு புதிய மெயிலாக அனுப்பிக்கொள்ளுங்கள், பழைய தேதியைத் தலைப்பில் சேர்த்து. அடுத்த முறை தேடலில் வரும். எல்லாவற்றையும் மாற்ற முனைய வேண்டாம், நீங்கள் மறுபடி படிக்க விரும்புகிறவை மட்டும் போதும்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை மெயில் பார்க்கலாம்?

நான் மூன்று தடவை: காலை ஒன்பதரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை ஐந்து. போனில் அறிவிப்பு மணியை நிறுத்தி நாலு வருடமாகிறது. தலை போகிற விஷயம் என்றால் போனில் கூப்பிடுவார்கள்.

பொறியாளர், கோவை: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் பெட்டி இன்னும் என் போனில் திறந்தே இருக்கிறது. மருந்துக்கடை விளம்பரம், ரயில் சலுகை என்று தினம் வருகிறது. அழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அழிக்க வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது, மெயிலும் படங்களும் சேர்ந்தே போகும். இறந்தவரின் கணக்கைப் பற்றிக் குடும்பத்தார் கூகுளிடம் விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. பாஸ்வேர்டைத் தரமாட்டார்கள், ஆனால் கணக்கை மூடவும், சில நேரங்களில் உள்ளே இருப்பதைத் தரவும் பரிசீலிப்பார்கள். அதன் வழியாகப் போவதுதான் முறை.

உள்ளே இருப்பது கைக்கு வந்ததும் விளம்பரங்களைப் பார்க்க வேண்டாம். அவர் அனுப்பிய மெயில்கள் 'சென்ட்' பகுதியில் தனியாக இருக்கும். அதை மட்டும் ஒரு நாள், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது திறந்து பாருங்கள்.