72 வோல்ட் இ-சைக்கிள் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் போகும்?
72 வோல்ட், 20 ஆம்ப்-அவர் பேட்டரி, 26 இன்ச் வீல்னு வச்சுக்குவோம். மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 8 சுத்துன்னா 576 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 576 சுத்து), வீல் ஒரு சுத்துக்கு 2.07 மீட்டர், ஆக வீலைத் தூக்கி வச்சு சுத்தவிட்டா மணிக்கு 71 கிமீ காட்டும், ஆனா ஆள் ஏறி உக்காந்தா அதுல 80 சதவீதம்தான் எதிர்பார்க்கணும், அதுக்கே கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரன்ட்டைக் கட்டுப்படுத்தற பெட்டி) 30 ஆம்பாவது குடுக்கணும்.

ரேஞ்சுக்கு, அதாவது ஒரு சார்ஜ்ல எவ்வளவு தூரம்னு பார்க்க, 72ஐ 20ஆல பெருக்கினா பேட்டரியோட மொத்த சக்தி 1440 வாட்-அவர், 1250 வரைக்கும் எடுத்தா பேட்டரிக்கு நல்லது. வேகம் ரெண்டு மடங்கானா காத்தைத் தள்ள எட்டு மடங்கு பவர் வேணும், இதைத்தான் நிறைய பேர் கணக்குல விட்டுடறாங்க. மணிக்கு 25 கிமீல நிதானமா போனா கிமீக்கு 10 வாட்-அவர், 125 கிமீ வரும், அதே 45ல விரட்டினா கிமீக்கு 22 ஆகும், மொத்தம் 55 கிமீ தூரம் தாண்டினாலே பெருசு. மேடு இருந்தா இன்னும் குறையும். லித்தியம்-அயன் பேட்டரின்னா ஃபுல் சார்ஜ்ல 84 வோல்ட் இருக்கும், டெர்மினலை வெறுங்கையால தொட்டுடாதீங்க!