இரண்டு பக்கம் படித்தாலே தலை கனக்கிறது... தேர்வும் வேலையும் ஒன்றாக முடியுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அஞ்சல் வழியில் எம்.காம். படிக்கிறேன். ஐந்து மாதம் முன்பு பனிமூட்டத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து, மூளையின் முன்பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது. ஆபரேஷன் செய்யவில்லை. இப்போது ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கம் படித்தால் தலை கனக்கிறது, படித்தது நிற்பதில்லை. எரிச்சல் வருகிறது. டீத்தூள் வாசனைகூடத் தெரியவில்லை. வலிப்பு வந்ததே இல்லை, ஆனாலும் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அதே மாதம் ஐந்து தாள் தேர்வு. இரண்டும் முடியுமா? என் புத்தி மழுங்கிவிட்டதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மழுங்கவில்லை. மழுங்கிய புத்தி இப்படிக் கோவையாகக் கடிதம் எழுதாது. குறைந்திருப்பது அறிவு அல்ல, தாக்குப்பிடிக்கும் சக்தி. முன்பக்க மூளைதான் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது, கேட்டதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறது, கோபத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அங்கே அடிபட்டால், முன்பு தானாக நடந்த வேலையை எல்லாம் மூளை இப்போது முக்கி முனகிச் செய்கிறது. அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறது. ஸ்கேனில் ரத்தக்கட்டு கரைந்தது தெரியும், களைப்பு தெரியாது. வீட்டில் யாராவது 'அதான் ஸ்கேன் சரியாயிடுச்சே' என்றால் இதைக் காட்டுங்கள்.

சரி, இரண்டும் முடியுமா? ஒரே மாதத்தில் வேண்டாம். நானாக இருந்தால் வேலையைத் தேர்ந்தெடுப்பேன், அதுவும் அரை நாள். பல வருடம் பழகிய கணக்கு கைக்கு ஓரளவு தானாக வரும். புதிய பாடத்தைத் தலையில் ஏற்றுவதுதான் இந்தக் காயத்துக்குப் பிறகு கடினமான வேலை. ஐந்து தாளில் உங்களுக்கு எளிதான ஒன்றை மட்டும் எழுதலாம், அல்லது ஒன்றுமே எழுதாமல் விடலாம். அரியர் வைத்தால் உலகம் முடிந்துவிடாது. எழுதுவதாக இருந்தால், மருத்துவச் சான்றிதழோடு கூடுதல் நேரம் கிடைக்குமா என்று இப்போதே பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

வேலைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். வேலை நாள் போலவே எழுந்து, குளித்து, பஸ்ஸில் ஒரு சுற்றுப் போய்வந்து, மூன்று மணி நேரம் பழைய பில்களோடு உட்காருங்கள். 20 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. ஓய்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது. செல்போன் பார்ப்பது ஓய்வில் சேராது. அன்று மாலை எப்படி இருக்கிறது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பது முக்கியம். தலைவலியோடு எழுந்தால் நேற்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கூட்டுங்கள்: நேரத்தைக் கூட்டினால் வேலையைக் கூட்டாதீர்கள்.

டாக்டரிடம் 'வேலைக்குப் போகலாம்' என்று ஒரு வரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நிர்வாகத்துக்கு அது பாதி புரியும், மீதிக்கு உங்களைத் திட்டுவார்கள். முதல் நான்கு வாரம் அரை நாள், மெஷின் சத்தம் கேட்காத அறை, இலை எடை போடும் இடத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் வேலை வேண்டாம், தொகைகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது கௌரவக் குறைச்சல் அல்ல. களைப்பு தெரிவதற்கு முன்பே பிழை வர ஆரம்பித்துவிடும்.

அப்புறம் மாத்திரை. வலிப்பே வராதவர்களுக்கு, தலைக்காயத்துக்குப் பின் முதல் ஒரு வாரம் தாண்டி இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுடையது லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து என்றால் எரிச்சலிலும் அசதியிலும் அதற்கும் பங்கு இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. நரம்பியல் டாக்டரிடம் 'இது இன்னும் வேண்டுமா?' என்று நேராகக் கேளுங்கள்.

வாசனை நரம்பு மிக மெல்லியது. தலை குலுங்கும்போது அறுந்துவிடலாம். சிலருக்கு ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்பாது. உங்கள் கணக்கு வேலைக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் சிலிண்டர் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. ரெகுலேட்டரை இரவில் மூடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம் (கோத்தகிரிக்காரரிடம் இதைச் சொல்வது பாவம்தான்!), தூக்கம் கெட்டால் மற்ற எல்லாம் கெடும். டாக்டர் சம்மதிக்கும் வரை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். பனியில் கொண்டை ஊசி வளைவில் தேவைப்படும் அளவுக்கு உங்கள் கவனம் இன்னும் வேகமாக வேலை செய்யவில்லை; ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் முதலாவதைவிட மோசமாக முடியலாம்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, புதிதாக அரைமயக்கம், வலிப்பு, கை கால் பலவீனம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனம் தாளாமல் போனால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன்பின் மெதுவாக ஓரிரு வருடம்கூடத் தொடரும். தினமும் எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள், காலையில் தலை எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்து ஒருவரும் உடன் வரட்டும். உங்களுக்குப் பிடிபடாத மாற்றங்களை அவர்கள் கவனித்திருப்பார்கள்.