விடுப்புக் கடிதத்தில் ஒரு பொய்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பெரியபட்டினத்தில் வசிக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். எங்கள் மகனுக்கு நான்கு வயது, இளைப்பு உண்டு. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மாதம் இரண்டு முறையாவது மூச்சு வாங்குகிறது. அந்த நாட்களில் பால்வாடிக்கு அனுப்ப முடிவதில்லை. எனக்குரிய 12 நாள் விடுப்பும் தீர்ந்து, ஒன்பது நாள் சம்பளமும் பிடித்துவிட்டார்கள். மூன்று முறை எனக்கே காய்ச்சல் என்று பொய் எழுதிக் கொடுத்தேன். “பிள்ளையை விட வேலை பெரிசா?” என்கிறார் மாமியார். இன்ஹேலர் கொடுத்தால் அதுவே பழகிவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கடல் காற்றுதான் காரணமோ என்றும் தோன்றுகிறது. இரண்டு வருடத்துக்கு வேலையை விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசிக் கேள்வி அன்று. நடுவில் வெட்கத்தோடு சொல்லிக் கடந்துபோன அந்தப் பொய். பிள்ளையின் நோயைத் தம் நோயாக எழுதிக் கொடுக்கும் பெற்றோரைப் பற்றிச் சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படி எழுதிக் கொடுத்தவன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிய இன்ஹேலரை, அதன் வாயில் மாட்டும் குழாயான ஸ்பேசரோடு, அவர் சொன்ன அளவில், அவர் நிறுத்தச் சொல்லும்வரை கொடுங்கள். அது பழகிப்போகிற போதை அன்று. கடலே இல்லாத ஊர்களிலும் பிள்ளைகளுக்கு இளைப்பு வருகிறது. காற்றைச் சந்தேகிப்பதற்கு முன் வீட்டுக்குள் கொசுவர்த்திப் புகையும் பீடிப் புகையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும்போது சட்டையைத் தூக்கி, அவன் அழாமல் இருக்கும் நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவன் வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சை இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். மாமியாரின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதே கேள்வியை அவர் தம் மகனிடமும் கேட்கட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நீங்கள் எழுதிய கணக்கில் பாதியைக் காணவில்லை. உங்கள் விடுப்பு எத்தனை, பிடித்தம் எத்தனை என்று நாள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தமிழக அரசில் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. ஈட்டிய விடுப்பு 30 நாள் உண்டு. இந்த மழைக்காலத்தில் அவற்றில் எத்தனை நாளை அவர் தம் மகனுக்காக எடுத்தார்? நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்காமல் இருந்தது உங்கள் தவறு. கேட்கும்வரை காத்திருந்தது அவருடைய பெரிய தவறு.

நான் பாம்பனில் பிறந்தவன். அம்மா கடலில் பாசி பறிக்கப் போவார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றுகிற சில நாட்களில்தான், தீவுகளை ஒட்டிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி கைக்கு எட்டும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அந்த மாதத்து வரும்படியே போனது போலத்தான். ஐந்து பெண்கள் ஒரே வத்தையில், அதாவது சிறு படகில், சேர்ந்து போவார்கள். என் தங்கைக்கும் இளைப்பு இருந்தது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை எங்கள் தீவிலிருந்து ரயிலையோ தோணியையோ விட்டால் வேறு வழி இல்லை. இரவில் அவளுக்கு மூச்சு வாங்கினால் அம்மா அவளைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்தபடி, காலை வண்டியின் சத்தம் பாலத்தில் கேட்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது வந்த ஓர் அமாவாசையில் அம்மா பாசிக்குப் போகவில்லை. பாசிக்கு முன்பணம் கொடுத்திருந்த ஏஜெண்டு சாயங்காலம் வந்து சத்தம் போட்டார். அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. “பிள்ளைக்கு இளைப்பு. எப்படி வர?” என்று மட்டும் சொன்னார். தலைவலி என்றோ காய்ச்சல் என்றோ தம் உடம்பைக் காரணம் காட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. இருட்டியபின் வத்தைப் பெண்கள் நால்வரும் வந்தார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவர்கள் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கை அள்ளி, எங்கள் வாசலில் கிடந்த சாக்கின்மேல் ஈரப் பாசியை வைத்துவிட்டு, “பிள்ளை கஞ்சி குடிச்சாளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

பள்ளிக்கூடம் போனவன் நான். விடுப்புக் கடிதம் என்றால் ‘எனக்குக் காய்ச்சல் இருப்பதால்’ என்றுதான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவன். 1990களின் இறுதியில் நான் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மனைவி கிராம சுகாதாரச் செவிலியர். போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு முந்தைய இரவு எங்கள் இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவிக்கொண்டு, ஊரார் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனாள் என் மனைவி. திங்கட்கிழமை முதல் விடுப்பு எழுதியவன் நான். எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். மகனுக்கு வலிப்பு என்று எழுதினால், ‘வீட்டில் அம்மா இல்லையா?’ என்று அலுவலர் கேட்பார் என்று பயந்தேன். வியாழக்கிழமை வேலைக்குப் போனபோது, “காய்ச்சல் எப்படி இருக்கு?” என்று கேட்ட நண்பரிடம் தேவலை என்றேன். மருத்துவர் மறுவாரம் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்ன நாளில் விடுப்புக் கேட்க என் வாயில் காரணம் இல்லை. குணமாகிவிட்டேன் என்று சொன்னவன் அல்லவா நான். அன்றும் அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பொய்யைத்தான் நீங்களும் நானும் சேர்ந்து வளர்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதிய மூன்று காய்ச்சலும் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டன. நாளை உங்களுக்கே உண்மையாகக் காய்ச்சல் வரும்போது, அடிக்கடி நோயில் விழுகிற ஊழியர் என்ற பெயரோடு, விடுப்பும் இல்லாமல் போய் நாற்காலியில் உட்காருவீர்கள். உங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் இந்த ஆண்டு ஒரு பிள்ளையும் நோயுற்றதாக இருக்காது. எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் இருக்காது. காகிதத்தில் இல்லாத ஒன்றுக்கு யார் விதி செய்வார்கள்?

விதிகளையே பாருங்கள். மகப்பேறு விடுப்பு 2017-இல் 26 வாரம் ஆயிற்று. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. ஆனால் காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைப் பால்வாடியிலும் விட முடியாது, காப்பகத்திலும் விடக் கூடாது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால், உங்கள் மகனுக்கும் அதில் வைத்தியம் உண்டு. நீங்கள் நோயில் படுத்தால் ஆண்டில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. ஆனால் நோயுற்ற மகன் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த நாளுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. மத்திய அரசு தன் பெண் ஊழியருக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பாகப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் தருகிறது. அதை 2018-இல் ஆண்களுக்கும் நீட்டித்தபோது மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மணமாகாதவர் ஆகியோருக்கு மட்டும் கொடுத்தார்கள். மனைவியோடு வாழும் தகப்பன் அதில் இல்லை. அப்படி ஒரு தகப்பன், பிள்ளைக்கு நோய் என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் அலுவலகங்களில் கட்டுக்கட்டாக இருந்திருந்தால், அந்த விதியை எழுதியவர்களின் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது விடாதீர்கள். முதலில் இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை பையனுக்கு மூச்சு வாங்கும் நாளில், ‘என் மகனுக்கு இளைப்பு. இன்று நான் அவனுடன் இருக்க வேண்டும்’ என்று அவர் தம் கையால் தம் அலுவலருக்கு எழுதட்டும். அதற்கடுத்த முறை அதே சொற்களில் நீங்கள் எழுதுங்கள். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். அந்தப் பிடித்தத்துக்கு நேராவது உண்மையான காரணம் இருக்கட்டும். ஆறு மாதம் இப்படி இருவரும் மாறி மாறிப் பார்த்தும் முடியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், வேலையைப் பற்றி அப்போது பேசுவோம்.

கடிதம் முழுவதும் ‘மகன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் அவன் பெயரையும் எழுதுங்கள். அவன் இப்போது படுத்துத் தூங்குகிறானா, இன்னும் உட்கார்ந்தபடியேதானா என்பதையும் எழுதுங்கள்.