அட்வான்ஸ்டு கார்டோடு டெவில்ஸ் இயர் குகைக்குள் போகலாமா?

சகோ, ஃப்ளோரிடா ஜின்னி ஸ்பிரிங்ஸில் "வழிக்கயிறு போட்டிருக்கு, தண்ணி தெளிவா இருக்கு, கொஞ்ச தூரம்தான்" என்று நண்பர் தண்ணிக்கு அடியில் இருக்கிற டெவில்ஸ் இயர் குகைக்குள் டைவ் பண்ணக் கூப்பிடுறார், உங்ககிட்ட அட்வான்ஸ்டு கார்டு (கடல் மாதிரி திறந்த தண்ணியில் டைவ் பண்றதுக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ்) இருக்கு, போகலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெய்து போகாதீங்க. குகைகளில் இறந்தவர்களில் கடல் டைவிங் பயிற்சியாளர்களே உண்டு.

தெளிவான தண்ணிதான் ஆளை ஏமாத்தும். குகைகளில் தண்ணி ஓட்டம் குறைஞ்ச இடங்களில் மாவு மாதிரி வண்டல் படிஞ்சிருக்கும். கடலில் காலை மேலும் கீழும் அடிச்சுப் பழகியவர் அங்கே ஒரு உதை விட்டால் போதும், கையில் இருக்கிற டார்ச் வெளிச்சம்கூட மறைஞ்சிடும். அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கயிற்றைச் சுத்திப் பிடிச்சபடி, தடவித் தடவித்தான் வெளியே வரணும். குகைப் பயிற்சியில் இதைக் கண்ணைக் கட்டிக்கிட்டே பழகச் சொல்வாங்க.

காற்றுக் கணக்கும் வேற. சிலிண்டரில் 3000 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தால் 1000 உள்ளே போக, 1000 திரும்பி வர. மீதி 1000 கூட வர்றவருக்குக் காற்று நின்னுபோனால் அவருக்கு. அதாவது மீட்டர் 2000 காட்டினதுமே திரும்பிடணும். தலைக்கு மேல பாறை, நேரா மேலே வர முடியாது. டார்ச்சும் ஆளுக்கு மூணு வேணும்.

உங்களுக்கு அங்கேயே ஜின்னி பால்ரூம்னு ஒரு அகலமான முகப்புக் குகை இருக்கு. உள் குகை வாயை இரும்புக் கம்பி போட்டு அடைச்சிருக்காங்க, டார்ச்சோட இறங்கலாம். பிடிச்சிருந்தா கேவர்ன் கோர்ஸில் (வெளி வெளிச்சம் தெரியுற குகை முகப்பு வரைக்குமான பயிற்சி) சேருங்க. அந்த நண்பரிடம் குகைச் சான்றிதழ் இருக்கான்னும் கேளுங்க.