இரண்டு சம்பளம் வந்தும் கடன் ஏன் குறையவில்லை?

கேள்வி: பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் 8 மணி நேர வேலை. எட்டு மாதமாக, வாரத்தில் ஐந்து நாள் மாலை 7 முதல் 11 வரை இன்னொரு இடத்தில் பில் பதிவு செய்கிறேன். போக வர ஒன்றரை மணி நேரம். கிரெடிட் கார்டு கடனை அடைக்கத்தான் சேர்ந்தேன். கடன் அப்படியே நிற்கிறது. உடம்பும் அசந்துபோகிறது. விட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கே விட வேண்டாம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம்.

மாலை வேலையில் ஒரு நாளைக்கு 100 கிடைப்பதாக வையுங்கள். மணிக்கு 25 என்று தோன்றும். அதில் வரிக்கு 20, பயணத்துக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 15 போனால் மிஞ்சுவது 65. அதை ஐந்தரை மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 12கூட இல்லை. உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து, இந்த வேலைக்குப் போவதால் மட்டுமே வந்த செலவுகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு எடுத்த டாக்சியையும் விடாதீர்கள்.

வரியில்தான் பலர் அடிபடுகிறார்கள். இரண்டாவது முதலாளிக்கு உங்கள் முதல் சம்பளம் தெரியாவிட்டால், அவர் தருவது மட்டுமே உங்கள் வருமானம் என்று குறைவாகப் பிடிப்பார். ஆண்டு முடிவில் இரண்டையும் கூட்டும்போது மேல் அடுக்கு விகிதம் வந்து நிற்கும். இதற்காகவே பிரிட்டனில் இரண்டாவது வேலைக்கு வழக்கமாக முதல் காசிலிருந்தே 20 சதவீதம் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் வரிப் பிடித்தத்துக்காக ஊழியர் முதலாளியிடம் தரும் டபிள்யூ-4 படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைக் குறிக்கத் தனிப் பகுதியே உண்டு. உங்கள் இரண்டாவது அலுவலகத்திலும் இதை எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு முன் முதல் வேலையின் நியமனக் கடிதத்தைப் படியுங்கள். வெளி வேலைக்கு அனுமதி வேண்டும் என்றிருந்தால் வாங்கிவிடுங்கள். நிரந்தர வேலையை இழந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

கடன் குறையாததற்குக் காரணம், இரண்டு சம்பளமும் ஒரே கணக்கில் விழுவதாகத்தான் இருக்கும். வீட்டுச் செலவு அதற்கேற்ப ஊதிவிடும். இரண்டாவது சம்பளத்துக்குத் தனிக் கணக்கு திறங்கள். வரிக்கான பங்கை அதிலேயே விட்டுவிட்டு, மிச்சம் முழுவதையும் வந்த அன்றே கார்டுக்குக் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் பெரும்பகுதி வட்டிக்கே போகும்.

உடம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுக்கவில்லை. உங்களுடையது வாரம் 60 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம்.

ஆகவே இதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். மீதிக் கடனை, மாலை வேலையில் மாதாமாதம் உண்மையில் மிஞ்சும் தொகையால் வகுங்கள். ஆறேழு மாதம் என்று வந்தால் அந்த மாதத்தைக் காலண்டரில் குறித்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால், அந்தக் கடனைக் குறைந்த வட்டித் தனிநபர் கடனாக மாற்றித் தர முடியுமா என்று இந்த வாரமே வங்கியில் கேளுங்கள்.