வாசகர் கேள்வி: பியானோ சத்தம் காதைக் குத்துகிறதா?

கேள்வி: பியானோ டியூனிங் என் தொழில். ஒரு கிராண்ட் பியானோவை டியூன் செய்து கொடுத்த பிறகும் ‘சத்தம் காதைக் குத்துகிறது’ என்கிறார் வாடிக்கையாளர். கம்பிகளைத் தட்டும் ஹேமர்களை, அதாவது ஃெபல்ட் என்ற கெட்டிக் கம்பளி சுற்றிய சிறு சுத்தியல்களை, ஊசியால் குத்தி மிருதுவாக்கிவிடலாமா?

பதில்: ஊசியைக் கடைசியாக எடுங்கள். முதலில் அவரையே உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள், மெதுவாகவும் ஓங்கியும். ‘குத்துகிறது’ என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒன்றல்ல. எந்தக் கட்டையில் உறுத்துகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி, குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பியானோவையும் குறை சொன்னவர், பெரும்பாலும் நடுப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள பத்துப் பதினைந்து கட்டைகளைத்தான் காட்டுவார்.

அந்தக் கட்டை ஒவ்வொன்றுக்கும் உள்ள மூன்று கம்பிகளும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். ஒரு கம்பி இம்மி விலகினாலும் நாதம் கரகரக்கும். அதைக் கேட்பவர் ‘டோன் சரியில்லை’ என்றுதான் சொல்வார். அடுத்து, கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பரை உயர்த்திவைத்து, ஹேமரைக் கையால் மெல்லத் தூக்கிக் கம்பிகளில் ஒட்டவைத்து, ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் மீட்டுங்கள். மூன்றும் அடங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒலித்தால் ஹேமர் அதைத் தொடவில்லை என்று பொருள். கம்பிகளைச் சமமட்டத்துக்குக் கொண்டுவராமல் ஊசி போட்டுப் பயனில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் காதைக் குத்தினால் ஃபெல்ட்டைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய ஹேமரின் நுனி தட்டையாகி, கம்பித் தடம் ஆழமாகப் பதிந்து, அந்த இடம் கல்லாக இறுகியிருக்கும். மரச்சட்டத்தில் ஒட்டிய 120-ஆம் எண் உப்புத்தாளால், ஹேமரின் தோளிலிருந்து (நுனிக்கு இருபுறமும் உள்ள சரிவிலிருந்து) நுனியை நோக்கி, ஃபெல்ட் ஏடு ஏடாக உரியும்படி தேயுங்கள். 220-ஆம் எண்ணால் முடியுங்கள். ஹேமருக்கு அடியில் முட்டுக் கொடுத்தே தேய்க்க வேண்டும். முட்டை வடிவம் திரும்பி, தடம் லேசாகத் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். உச்ச ஸ்தாயி ஹேமர்களில் ஃபெல்ட் மெல்லியது. மரம் எட்டிப் பார்த்துவிட்டால் புது ஹேமர்தான்.

இனிதான் ஊசி. இரு தோள்களிலும், ஹேமரின் நடுவை நோக்கி ஆழமாக இறக்குங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு குத்து, உடனே வாசித்துக் கேட்பது, பிறகு அடுத்தது. நுனியில் ஆழமாகக் குத்தினால் ஓங்கி அடித்தாலும் நாதம் எழும்பாது. அந்த ஃபெல்ட்டை மறுபடி கெட்டிப்படுத்தும் திரவ மருந்தை விடலாம்தான். ஆனால் பக்கத்துக் கட்டைகளோடு அது ஒத்துப்போவது கஷ்டம்.

எல்லா ஹேமரிலும் கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு ஸ்தாயியை மட்டும் முடித்து, தொடாத ஸ்தாயியோடு ஒப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘இது போதும்’ என்று அவர் வாயால் கேட்ட பிறகே மற்றவை. ‘மந்தமாகிவிட்டது’ என்ற அடுத்த புகாரைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அறையையும் மறக்காதீர்கள். வெறும் தரை, கண்ணாடி ஜன்னல் என்றால் பியானோவுக்கு அடியில் கனமான கம்பளம் விரித்துக் கேட்கச் சொல்லுங்கள். செலவில்லாத சோதனை, உடனே திரும்பப் பெறக்கூடியதும்கூட.

கேள்வி: பழைய பியானோ. கீழ் ஸ்தாயி மட்டும் செத்த சத்தம் கேட்கிறது. ஹேமரைக் கெட்டியாக்கலாமா?

பதில்: வேண்டாம். செம்பு சுற்றிய கம்பிகளின் இடுக்கில் அழுக்கு ஏறியிருக்கும். ஒரு கம்பியைத் தளர்த்திக் கொக்கியிலிருந்து கழற்றி, வளையமாக்கி அதன் நீளம் முழுக்க உருட்டி நகர்த்தித் தூசியை உதிர்த்து, சுற்று இருக்கும் திசையிலேயே ஒரு முறுக்கு கொடுத்து மாட்டுங்கள். தெளிந்தால் மற்றவற்றையும் செய்யலாம். பழைய கம்பி அறுந்துபோக வாய்ப்பு உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பலனில்லை என்றால் கீழ்க் கம்பிகளை முழு செட்டாக மாற்ற வேண்டியதுதான்.