சின்னப் பாய்மரப் படகில் ஆர்க்டிக் கடலைக் கடக்க முடியுமா?

பெரிய கப்பலே பனியில் சிக்கும் இடத்தில் சின்னப் படகு எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகும், போயிருக்கிறது. 1845இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஃபிராங்ளின் கொண்டுபோன இரண்டு பெரிய கப்பல்களிலும் வடமேற்குப் பாதையை, அதாவது கனடாவின் வடக்கே அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் ஆர்க்டிக் கடல்வழியைத் தேடிப் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் 1903இல் ஆறு பேரோடு ‘யோவா’ என்ற சின்னப் படகில் புறப்பட்ட நோர்வேக்காரர் அமுண்ட்சென் 1906இல் அதைக் கடந்தே விட்டார்.

காரணம் நம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் நின்றாலே விளங்கும். இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைக் கம்பு ஊன்றித் தள்ளிப் போவார்கள். பெரிய படகு அங்கே தரைதட்டும். ஆர்க்டிக்கிலும் அப்படித்தான். தடித்த பனிக்கட்டி ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டி நின்றுவிடும். அதற்கும் கரைக்கும் நடுவே சில இடங்களில் தண்ணீர் திறந்திருக்கும். யோவா கரையோரத்து ஆழமற்ற நீரில் நுழைந்து போனது.

அதற்காக லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயம் தருவது மலைபோல் நிற்கும் கட்டி அல்ல, நீர்மட்டத்தில் கண்ணாடிபோல் மிதக்கும் சின்னக் கட்டி. ராடாரில் அநேகமாகத் தெரியாது. அதனால் ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கண்கொட்டாமல் நிற்கவே வேண்டும். அப்புறம் காற்று. அது திசை மாறினால் திறந்த வழி சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். ஓகஸ்டும் செப்டெம்பர் முற்பகுதியும்தான் நல்ல காலம். அங்கே போகிறவர்களும் நீளக் கம்பு வைத்திருப்பார்கள், கட்டிகளைத் தள்ளிவிட.